வலு ஏறும் இயந்திரமும் வளங்குன்றும் கடலும்

பழைய லொறி ஒன்றுக்கு வலுக்கூடிய புதிய இயந்திரம் பூட்ட விரும்பி ஒருவர் பட்டறைக்குப் போனால், தொழிலறிந்த மெக்கானிக் முதலிற் கேட்பது இயந்திரத்தைப் பற்றியன்று. கியர்ப்பெட்டி தாங்குமா, பின்அச்சுத் தாங்குமா, பிரேக் பிடிக்குமா என்றே அவர் கேட்பார். ஓடும் வலுவைக் கூட்டி, நிறுத்தும் வலுவைக் கூட்டாது விடுபவன் விபத்துக்கே வழிதேடுகின்றான். தெருவில் எல்லாரும் ஒப்புக்கொள்ளும் இந்நியாயம் கடலில் மட்டும் செல்லாதா? குருநகர்த் துறையில் நின்று நாம் இன்று எழுப்பவேண்டிய வினா இதுவே.

இயந்திரத்தின்மீது நமக்குப் பகையில்லை. பாயையும் தோள்வலுவையும் நம்பிய தொழிலுக்கு இயந்திரம் பூட்டும் முயற்சியை 1950களின் இறுதியில் இலங்கை அரசு தொடக்கியது. 1967 இல் நோர்வே மக்களின் துணையோடு காரைநகரில் சீநோர் எழுந்தது. அம்முயற்சிகள் தொழிலாளியின் முதுகுச்சுமையை இறக்கின. குற்றம் இயந்திரத்தினதன்று, அதற்கு எல்லை வகுக்காதவர்களதே.

அக்கரையில் நடந்தது என்ன? தமிழகத்தின் இழுவைப்படகுகள் பலவற்றை ஓட்டுபவை, லொறிக்கென வார்க்கப்பட்ட அசோக் லேலண்ட் இயந்திரங்களின் கடல்வடிவங்களே. அவையும் போதாவென வலுமிக்க சீன இயந்திரங்கள் ஏறின. இயந்திர வலு 240 குதிரைவலுவைத் தாண்டலாகாதென்று தமிழக அரசின் 2020 ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. எனினும், அவ்வரம்பு மீறப்படுகின்றதென்று முறையிட்டவர்களுள் தமிழக மீனவர்களே முன்நின்றனர்.

கூடிய வலு எங்கே செல்கின்றது? நீரைக் கிழித்தோடும் கனத்த படகின் வேகத்தை இருமடங்காக்க ஏறத்தாழ எட்டுமடங்கு வலு வேண்டும். ஆகவே, ஏற்றப்பட்ட வலு படகை அவ்வளவாக விரைவாக்குவதில்லை. பெரிய மடியை அடித்தளத்தில் இழுக்கவே பயன்படுகின்றது. பெரும்பகுதி பதினைந்து மீற்றர் ஆழமும் இல்லாத பாக்குக் கடலில், அம்மடி கடற்புல்லையும் குஞ்சையும் முட்டையையும் ஒருங்கே வாரிச் செல்கின்றது. விதைநெல்லைக் குற்றித் தின்பவனுக்கு அடுத்த போகம் உண்டோ?

இவ்வலுவின் எதிரே நிற்பவர் யார்? போர்க்காலத்தில் கடல்வலயத் தடையும் இயந்திர வலுக் கட்டுப்பாடும் வடபுலத்து மீனவரைக் கரையோடு கட்டிவைத்தன. 2009 இல் போர் ஓய்ந்தபோது, அவர்கள் மண்ணெண்ணெயில் ஓடும் சிறு வெளியிணைப்பு இயந்திரத்தோடு கடலுக்கு மீண்டனர். அங்கே அக்கரைப் படகுகள் அவர்களின் வலைகளை அறுத்துச் சென்றன. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் ஏறியது. பின்னர் இறங்கியதாயினும் பழைய விலைக்கு அது மீளவில்லை. தொப்புட்கொடி உறவென்று மேடைதோறும் முழங்குவோர், வலை அறுந்த வீட்டின் அடுப்பை ஒருமுறையேனும் எட்டிப் பார்த்தனரா?

“நாமும் வலுக்கூடிய இயந்திரம் பூட்டினால் என்ன?” என்று நம் இளைஞர் கேட்கின்றனர். கேள்வியில் நியாயமுண்டு, விடையில் நட்டமே உண்டு. கடலில் மீன் கூடாது; எரிபொருட் செலவும் கடன்வட்டியுமே கூடும். அவன் நூறு பூட்ட, நாம் இருநூறு பூட்ட, அவன் முந்நூறு பூட்டுவான். இப்போட்டியில் வெல்பவர் இயந்திரம் விற்பவரும் எண்ணெய் விற்பவருமே.

நம் வீட்டு முற்றத்தையும் நாம் கூட்டவேண்டும். குருநகரிலும் இழுவைமடிப் படகுகள் உண்டு. திரு. சுமந்திரன் கொணர்ந்த தனிநபர் பிரேரணையின் பயனாக, 2017 ஜூலையில் இலங்கைப் பாராளுமன்றம் அடித்தள இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. அக்கரைப் படகுக்கு ஒரு நீதி, நம் படகுக்கு வேறொரு நீதி என்று நாம் வாதிட்டால் உலகம் நகைக்கும். ஆனால், கடன்பட்டுப் படகு கட்டியவனைச் சட்டத்தைக் காட்டி மிரட்டிவிட்டு அரசு ஒதுங்கவும் கூடாது. மாற்றுத்தொழிலுக்கான வலை, முதல், பனிக்கட்டி, சந்தை ஆகிய நான்கும் சேர்ந்தே கொடுக்கப்படல் வேண்டும். 2017 இல் இந்தியா, பாக்குக் கடலின் இரண்டாயிரம் இழுவைப்படகுகளை ஆழ்கடற் சூரைப் படகுகளாக மாற்றத் திட்டமிட்டது. படகொன்றின் பெறுமதி எண்பது இலட்சம் ரூபா. இருந்தும், எடுத்தவர் சிலரே. படகை மட்டும் கொடுத்தால் தொழில் மாறிவிடாது என்பதே அது தரும் பாடம்.

ஆகவே நாம் கோருவன மூன்று. ஒன்று, பாக்குக் கடலில் இயந்திர வலுவுக்கு இருநாட்டுக்கும் பொதுவான உச்சவரம்பு. அதுவும் பதிவேட்டிலன்றி, துறைமுகத்தில் இயந்திரத்தையே பார்த்து அளக்கப்படுவது. இரண்டு, குருநகர் இழுவைப்படகுகளுக்குத் தவணை குறித்த ஈடும் மாற்றுத்தொழிலும். மூன்று, கைதும் விடுதலையுமாகச் சுழலும் சடங்கை விடுத்து, இருகரை மீனவரும் நேரில் அமர்ந்து பேசும் நிலையான சபை.

வலுவைக் கூட்டுவது எவர்க்கும் எளிது. நிறுத்துவதற்கு ஒரு பிரேக் பூட்டுவதே அரசியல். அதனைச் செய்யாதவர்கள், மீனில்லாக் கடலில் வலுமிக்க இயந்திரங்கள் வெறுமனே உறுமுவதையே நாளை கேட்பர்.