மாசி வீதிகளுக்கு ஒரு நிபுணர்

மதுரை நகரின் நடுவிலுள்ள வியாபார வீதிகளைச் சீர்படுத்த வேண்டும் என்பதில் இருவேறு அபிப்பிராயத்துக்கு இடமில்லை. கீழமாசி வீதியில் பலசரக்கு மூட்டை இறக்க ஒரு வண்டி நின்றால், பின்னால் வருகிறவர்கள் அனைவரும் நிற்க வேண்டியதுதான். தீபாவளிக்கு ஜவுளி எடுக்க மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் விளக்குத்தூணுக்கு வரும் குடும்பங்கள் நடக்க வழியின்றித் தவிக்கின்றன. பெண்கள் ஒரு கழிப்பிடம் தேடி அலைகின்றனர். கார்ப்பரேஷன் பார்த்துக்கொள்ளும் என்று காத்திருந்து அலுத்தவர்கள், வியாபாரிகளே ஒரு வட்டாரமாகச் சேர்ந்து, தங்கள் மீது தாங்களே ஒரு தீர்வை விதித்துக்கொண்டு, அந்தப் பணத்தைக் கொண்டு தங்கள் வீதியைப் பராமரித்தால் என்ன என்று கேட்பது இயற்கையே. மேல்நாட்டு நகரங்கள் பலவற்றில் இவ்விதமான வியாபார அபிவிருத்தி வட்டாரங்கள் நடந்து வருகின்றன. அவற்றை அமைத்துக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஆலோசக நிபுணர்களும் அங்கே உண்டு. அப்படி ஒரு நிபுணரை மதுரைக்கும் அமர்த்தலாமா? அமர்த்தலாம் என்றே நாம் சொல்வோம். ஆனால் அவரை அமர்த்துகிறவர் யார், அவர் யாருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற இரண்டு கேள்விகளுக்கும் முன்னதாக விடை தெரிந்தாக வேண்டும். அந்த விடை இல்லாமல் நிபுணரை அழைத்தால் என்ன நேரும் என்பதை மதுரை ஏற்கெனவே ஒரு முறை கண்டிருக்கிறது.

முதலில் இந்த ஏற்பாட்டின் பிறப்பைக் கவனிப்போம். கானடா தேசத்தில் டொராண்டோ நகரின் மேற்குப் பகுதியில் ப்ளூர் வீதி என்று ஒரு கடைவீதி. 1960-களில் அவ்வழியே சுரங்க ரயில் வந்தது. வீதியில் டிராம் ஏறி இறங்கிக் கொண்டிருந்த ஜனங்கள் பூமிக்கடியில் போகத் தொடங்கினார்கள்; புறநகரில் எழுந்த பெரிய அங்காடிகள் மற்றவர்களை இழுத்துக்கொண்டன. கடைக்காரர்கள் சந்தா வசூலித்துப் பார்த்தார்கள். சிலர் கொடுத்தார்கள், பலர் கொடுக்கவில்லை, கொடுக்காதவன் வாசலிலும் விளக்கு எரியத்தான் செய்தது. இந்த அநீதியைத் தீர்க்கவே, வட்டாரத்திலுள்ள எல்லா வியாபாரிகளிடமும் நகரசபையே வரியோடு சேர்த்து வசூலித்து, வியாபாரிகளின் நிர்வாக சபையிடம் கொடுக்கும்படி சட்டம் செய்யச் சொன்னார்கள். 1970-இல் அந்த வட்டாரம் அமைந்தது. உலகில் இவ்விதமான வட்டாரங்களுக்கெல்லாம் அதுவே முன்னோடி என்று சொல்லப்படுகிறது. கடைக்காரர்களின் கஷ்டம் முதலில் வந்தது, அவர்களுடைய சங்கம் பின்னால் வந்தது, சட்டம் அதற்கும் பின்னால் வந்தது என்ற வரிசையை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கிலாந்தில் 2003-ஆம் ஆண்டின் ஸ்தல ஸ்தாபனச் சட்டம் இதற்கு இடங்கொடுத்தது. 2005-இல் லண்டனைச் சேர்ந்த கிங்ஸ்டனில் முதல் வட்டாரம் தொடங்கிற்று. அங்கே ஏற்படுத்தியுள்ள விதி புத்திசாலித்தனமானது. தீர்வை கொடுக்க வேண்டியவர்கள் வோட்டுப் போட வேண்டும். வோட்டுப் போட்ட தலைகளின் எண்ணிக்கையிலும் பெரும்பான்மை வேண்டும், அவர்கள் கட்டடங்களின் வரி மதிப்பிலும் பெரும்பான்மை வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் யோசனை விழுந்துவிடும். பத்துப் பெரிய முதலாளிகள் சேர்ந்து நூறு சிறு கடைக்காரர்களை அமுக்க முடியாது. நூறு பேர் சேர்ந்து பத்துப் பேர் தலையில் பாரத்தைக் கட்டவும் முடியாது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் எந்த வட்டாரத்துக்கும் ஆயுள் இல்லை. வேண்டுமானால் மறுபடியும் வோட்டுக் கேட்டுத்தான் தொடர வேண்டும்.

நம் நாட்டில் நிலைமை வேறு. சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்று நமது அரசியல் சட்டத்தின் 265-ஆம் ஷரத்து கூறுகிறது. ஆகவே வியாபாரிகள் சங்கம் எத்தனை ஏகமனதான தீர்மானம் போட்டாலும் அது வரியாகாது. மனமுவந்து கொடுக்கும் சந்தாவாகவே இருக்கும். சந்தா என்றால் டொராண்டோ கடைக்காரர்கள் பட்ட பாடு இங்கேயும் உண்டு. எந்த நிபுணர் வந்தாலும் முதலில் இந்தச் சட்ட முடிச்சைப் பற்றித்தான் அவர் வாய் திறக்க வேண்டும். வண்ணப் படங்களோடு ஒருவர் வந்து இறங்கி, இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாவிட்டால் அவருக்கு வந்த வழியைக் காட்டிவிடலாம்.

இனி மதுரையின் சொந்த அனுபவம். மத்திய ஸர்க்கார் 2015 ஜூன் மாதத்தில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தைத் தொடங்கி, நூறு நகரங்களுக்கு நகரொன்றுக்கு ஐந்நூறு கோடி ரூபாய் வரை தானும், அதற்கு ஈடான தொகையை மாகாண ஸர்க்காரும் நகரசபையும் கொடுப்பது என்று ஏற்பாடு செய்தது. யோசனை தயாரிக்கும் செலவுக்கென்று முன்பணமும் கொடுத்தது; எந்த நிபுணர்களை அமர்த்தலாம் என்பதற்கு டில்லியிலேயே ஒரு ஜாபிதாவும் தயாராயிற்று. 2016 செப்டம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட நகரங்களுள் சேலம், தஞ்சாவூர், வேலூருடன் மதுரையும் ஒன்று. மீனாக்ஷி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள பழைய நகரமே சீர்திருத்தத்துக்குரிய பகுதியாகக் குறிக்கப்பட்டது. காரியங்களை நடத்த நகரசபையும் மாகாண ஸர்க்காரும் பங்குதாரர்களாக உள்ள ஒரு கம்பெனி ஏற்பட்டது.

அடுத்த மாதம் நடந்ததை நினைவுகூர வேண்டும். 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு நகரசபைகளின் காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. 2022 பிப்ரவரி 19-ஆம் தேதிதான் நகரத்தார் மறுபடியும் வோட்டுச் சாவடிக்குப் போனார்கள். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் நூறு வார்டுகள் கொண்ட மதுரையில் ஜனங்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலர் ஒருவர்கூட இல்லை. அந்தக் காலத்தில்தான் மாசி வீதிகள் தோண்டப்பட்டன. பெரியார் பஸ் நிலையம் இடிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்பட்டது. காய்கறிச் சந்தை மாட்டுத்தாவணிக்குப் போனபின் வடக்கு ஆவணி மூல வீதியில் காலியான இடத்தில் மோட்டார் நிறுத்தும் மாடிக் கட்டடம் எழுந்தது. வாசலில் மாதக் கணக்காகப் பள்ளம் கிடந்த கடைக்காரர் யாரிடம் போய் முறையிடுவார்? கவுன்சிலர் இல்லை. அதிகாரி கம்பெனியைக் காட்டுவார். கம்பெனி நிபுணரைக் காட்டும். நிபுணர் ஒப்பந்தத்தைக் காட்டுவார். ஒப்பந்தத்தில் கடைக்காரரின் பெயர் இல்லை.

நடந்த வேலைகள் எல்லாம் வீண் என்று நாம் சொல்ல வரவில்லை. பஸ் நிலையம் பழையதைவிட மேல் என்போர் உண்டு. மழைநீர் வடிகால் இல்லாத வீதிக்கு வடிகால் போட்டதைக் குறை கூறுவது நியாயமாகாது. அந்த நிபுணர்கள் திறமையற்றவர்கள் என்பதும் நம் கட்சி அல்ல. தம்மை அமர்த்தியவருக்கு அவர்கள் விசுவாசமாகவே நடந்துகொண்டார்கள். அமர்த்தியவர் மாசி வீதிக்காரர் அல்ல, அவ்வளவுதான். அத்திட்டமும் 2025 மார்ச் 31-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. போட்ட கல்லையும் விளக்கையும் இனி பராமரிப்பது யார் என்ற கேள்வி மட்டும் எஞ்சி நிற்கிறது. வட்டார யோசனைக்கு இப்போது பொருத்தம் ஏற்பட்டிருப்பதும் இதனாலேயே.

வெளியாரின் யோசனை மதுரைக்குப் புதிதன்று. சுமார் 1840-ஆம் ஆண்டை ஒட்டி, ப்ளாக்பர்ன் என்ற கலெக்டர் நகரைச் சுற்றியிருந்த கோட்டை மதிலையும் அகழியையும் அகற்ற நினைத்தார். கையில் பணமில்லை. மதிலை இடித்து அகழியைத் தூர்க்கிறவர்களுக்கு அந்த நிலம் சொந்தம் என்று அறிவித்தார். ஜனங்களே மண்வெட்டியோடு வந்தார்கள். அந்த நிலத்தில் எழுந்தவையே வெளி வீதிகள். அளவு குறித்த மாரட் என்ற வெள்ளைக்காரரின் பெயரும், உடனிருந்த பெருமாள் மேஸ்திரியின் பெயரும் இன்றும் வீதிப் பெயர்களாக வழங்குகின்றன. கலெக்டரின் ஞாபகமாக நின்ற விளக்குத்தூணே ஒரு கடைவீதியின் பெயராகிவிட்டது. அன்னிய ஆட்சியைப் புகழ்வதற்காக இதை நாம் எடுத்துச் சொல்லவில்லை. அந்த ஆட்சியில் ஜனங்களின் சம்மதத்தைக் கேட்டவர் யார்? ஆயினும் சர்வேயருக்குப் பக்கத்தில் ஒரு மேஸ்திரி இருந்தார் என்பதையும், மண் சுமந்தவனுக்கு மண் கிடைத்தது என்பதையும் இன்றைய நிபுணர்கள் கவனிக்கலாம்.

சரி, வட்டாரம் என்று ஒன்று அமைந்தால் அதில் வோட்டு யாருக்கு? இதுவே விஷயத்தின் உயிர்நிலை. அமெரிக்காவில் பெரும்பாலும் கட்டடத்தின் சொந்தக்காரரிடம் தீர்வை வாங்குகிறார்கள். இங்கிலாந்தில் கடை நடத்துகிறவரிடம் வாங்குகிறார்கள். மாசி வீதிகளிலும் ஆவணி மூல வீதிகளிலும் கடை நடத்துகிறவர்களில் அநேகர் வாடகைக்கு இருப்பவர்கள். கட்டடங்களோ தனியார், தர்ம ஸ்தாபனங்கள், கோயில் என்று பலருக்கும் சொந்தம். வீதி அழகானால் வாடகை உயரும். சொந்தக்காரர் மட்டும் வோட்டுப் போட்டு, தீர்வையை வாடகையில் ஏற்றி, பிறகு அழகான வீதிக்கு அதிக வாடகையும் கேட்டால், சிறு வியாபாரி தன் செலவில் தன்னையே காலி செய்துகொண்டவனாவான். ஆகவே வாடகைக்காரருக்கு வோட்டு இல்லாத எந்த ஏற்பாட்டையும் மதுரை ஏற்கலாகாது.

கடையே இல்லாதவர்களின் விஷயம் இதைவிடக் கடினம். அம்மன் சன்னதியிலும் டவுன் ஹால் ரோட்டிலும் பூவும் வளையலும் கொய்யாப் பழமும் விற்பவர்கள் தீர்வைப் பட்டியலில் வரமாட்டார்கள். வட்டாரம் அமைந்தால் முதல் தீர்மானமாக அவர்களை அகற்றும் தீர்மானமே வரும் என்று அவர்கள் அஞ்சினால் அதில் தவறில்லை. 2018 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு கோயிலுக்குள் வீர வசந்தராய மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு, கோயிலுக்குள் இருந்த கடைகள் வெளியேற வேண்டியதாயிற்று. சமீப ஆண்டுகளில் புது மண்டபத்துத் தையற்காரர்களும் பாத்திரக் கடைக்காரர்களும் புத்தகக் கடைக்காரர்களும் குன்னத்தூர் சத்திரத்துக்குப் பெயர்ந்தார்கள். திருமலை நாயக்கர் கட்டிய மண்டபத்தைக் காப்பாற்றுவது அவசியமே. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக ஒரே தூணடியில் உட்கார்ந்து தைத்தவனுக்கு வாடிக்கைக்காரர்கள் தேடி வருவது அந்தத் தூணை அடையாளம் வைத்துத்தான் என்பது எந்த நிபுணரின் படத்திலும் தெரியாது.

நியூயார்க்கில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தைச் சுற்றி அமைந்த வட்டாரம் மிகவும் பெயர்பெற்றது. குப்பை நீங்கிற்று, பயம் குறைந்தது என்று பலரும் மெச்சினார்கள். அதே வட்டாரம் வீடற்ற ஏழைகளைப் பயிற்சி என்ற பெயரில் அற்பக் கூலிக்கு வேலை வாங்கிற்று என்று வழக்கு வந்தது. சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி அவர்களுக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்று 1998-இல் கோர்ட்டு தீர்ப்புச் செய்தது. வட்டாரம் தீர்வை கொடுப்பவருக்கு மட்டும் பொறுப்பு என்று இருந்தால், தீர்வை கொடுக்க வகையற்றவன் கதி இதுதான். நம்மிடம் 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. கணக்கெடுப்பு முடியும் வரை எவரையும் அகற்றக் கூடாது என்றும், நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் தெரு வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்றும் அது விதிக்கிறது. வட்டாரத்தின் நிர்வாக சபையிலும் அக்குழுவின் பிரதிநிதிகளுக்கு இடம் வைத்துவிட்டால் பாதிச் சண்டை தொடங்குமுன்பே தீரும்.

இவ்வளவுக்கும் பிறகு நிபுணருக்கு என்ன வேலை? நிறைய உண்டு. 1915-ஆம் ஆண்டை ஒட்டி மதராஸ் மாகாணத்து நகரங்களைப் பார்வையிட்ட பாட்ரிக் கெட்டிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர், நோயைக் கண்டறியாமல் கத்தி எடுக்கும் வைத்தியனைப் போல் நகரத்தை அறுக்கக் கூடாது என்று கருதினார். நாட்கணக்காக நடந்து பார்த்து, இடிக்க வேண்டியதை மட்டும் இடித்து, மற்றதைக் காப்பதே அவருடைய முறை. அவரைப் போன்றவர் ஒருவர் வந்தால் மதுரை கதவைத் திறந்து வைக்கலாம். அவர் சித்திரைத் திருவிழாவின்போது வந்து நிற்கட்டும். தேர் திரும்பும் முனையில் சிமெண்டுத் தொட்டியும் இரும்புக் கம்பமும் நட முடியாது என்பதை அன்று தம் கண்ணால் காண்பார். அதிகாலையில் கீழமாசி வீதியில் சரக்கு இறங்குவதையும், பிற்பகலில் தெற்கு ஆவணி மூல வீதி நகைக் கடைகளுக்குக் கிராமத்துக் குடும்பங்கள் வருவதையும், இரவில் கடை மூடிய பிறகு குப்பை எங்கே சேர்கிறது என்பதையும் எழுதி வைக்கட்டும். எந்த நேரத்தில் லாரியை விடுவது, கழிப்பிடம் எங்கே வேண்டும், ஆண்டுச் செலவு எவ்வளவு, அது ஒரு கடைக்கு எவ்வளவு விழும் என்று கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

அவருக்குக் கொடுக்கும் கூலியில் ஒரு எச்சரிக்கை வேண்டும். வேலையின் மதிப்பில் இத்தனை சதவிகிதம் என்று பேசினால், செலவு ஏற ஏற அவருக்கு லாபம். பத்து ரூபாயில் ஆகும் காரியத்துக்கு நூறு ரூபாய் வழி காட்டுவார். குறித்த வேலைக்குக் குறித்த தொகை என்றே பேச வேண்டும். அறிக்கை தமிழில் எழுதப்பட வேண்டும்; ஆங்கிலத்தில் மட்டும் எழுதி, தமிழில் இரண்டு பக்கச் சுருக்கம் கொடுப்பது போதாது. தமது கணக்குப் புத்தகத்தைத் தமிழில் எழுதும் பலசரக்கு வியாபாரி தாம் செலுத்தப்போகும் தீர்வையைப் பற்றி முழுவதும் படித்துப் பார்க்க உரிமையுள்ளவர்.

இதற்கு முன்னதாகச் செய்ய வேண்டிய காரியத்துக்கு நிபுணரே தேவையில்லை. 1924 முதல் மதுரையில் இருந்துவரும் தொழில் வர்த்தக சங்கமும், ஜவுளி, பலசரக்கு, நகை வியாபாரிகளின் சங்கங்களும் கூடி, நான்கு மாசி வீதிகளுக்கு உட்பட்ட இடத்தில் கடை நடத்துகிறவர் எத்தனை பேர், அவர்களில் வாடகைக்காரர் எத்தனை பேர், தெருவில் விற்பவர் எத்தனை பேர் என்று வீடுவீடாக எழுதிவிடலாம். நம் கல்லூரி மாணவர்களை அழைத்தால் சில வாரத்தில் முடியும் வேலை. அந்தப் பட்டியலில் உள்ளவர்களைக் கூட்டி வோட்டெடுத்து ஒரு சபையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிபுணருக்கு உத்தியோகக் கடிதம் கொடுப்பது அந்தச் சபையாகவும், அவருடைய அறிக்கையை ஏற்பதோ தள்ளுவதோ அந்தச் சபையும் கவுன்சிலர்களும் பகிரங்கக் கூட்டத்தில் செய்வதாகவும் இருக்க வேண்டும். தீர்வைக்குச் சட்டம் வேண்டும் என்று கோட்டைக்கு மனுப் போடுவதும் அதன் பிறகே.