எந்த இயந்திரத்துக்கு எந்தப் பெற்றோல்? வலுசக்தி அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

கௌரவ வலுசக்தி அமைச்சர் அவர்களுக்கு,



ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் செய்ய யாழ்ப்பாணக் குடாநாட்டின் நாலா பக்கங்களிலிருந்தும், அண்மைக் காலமாகக் கடல் கடந்த தேசங்களிலிருந்தும் ஜனங்கள் வந்து கூடுகிற எங்கள் ஊராகிய கீரிமலையில், நகுலேஸ்வரம் சிவன் கோயிலை அண்டிய தெருவோரங்களில் நிறுத்தப்பட்டிருக்கும் வாகனங்களைக் காண்பவர் எவரும் யுத்த காலத்தின் வறுமையை நாம் ஒருவாறு கடந்துவிட்டோம் என்றே எண்ணுவர். ஜெர்மன் தேசத்து உயர்ரகக் கார்களும் ஜப்பானிலிருந்து வந்த ஹைபிரிட் கார்களும் அங்கே அருகருகே நிற்கின்றன. அவற்றின் சாரதிகளோடு பேச்சுக் கொடுத்தால், ஹைபிரிட் காருக்கு உரியவர் "நல்ல காருக்கு நல்ல எண்ணெய்தான் அடிக்க வேணும்" என்று 95 ஒக்டேன் பெற்றோலையும், ஜெர்மன் காரை ஓட்டி வந்தவர் "எல்லாம் ஒரே பெற்றோல்தானே" என்று 92 ஒக்டேன் பெற்றோலையும் நிரப்பி வருவதைச் சொல்வார்கள். இருவருமே தத்தம் இயந்திரத்துக்கு வேண்டாததைச் செய்கிறார்கள். வாழ்நாளின் பெரும்பகுதியைக் கராச்சில் இயந்திரங்களோடு கழித்தவன் என்ற உரிமையில், இந்த மயக்கத்தைத் தெளிவிக்கும் பொறுப்பு தங்கள் அமைச்சுக்கு உண்டு என்பதைத் தங்கள் சமுகத்தில் விண்ணப்பிக்கவே இம்மடலை எழுதுகிறேன்.

ஒக்டேன் எண் என்பது பெற்றோலின் வலிமையை அளப்பதென்று நம்மவரிற் பலர் கருதுகிறார்கள். உண்மையில் அது, சிலிண்டருக்குள் அமுக்கப்படும்போது தீப்பொறியின் சுவாலை வந்து சேருமுன்னர் தானாகவே வெடித்துவிடாமல் எரிபொருள் எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கும் என்பதைக் காட்டும் அளவுகோலேயாகும். ஐசோ ஒக்டேன் என்ற திரவத்துக்கு 100 என்றும் ஹெப்டேனுக்குப் பூச்சியம் என்றும் வைத்துக்கொண்டு, அவ்விரண்டையும் நூற்றுக்கு 92, 8 என்ற விகிதத்திற் கலந்தால் அக்கலவை எப்படி நடந்துகொள்ளுமோ அப்படி நடந்துகொள்ளும் பெற்றோலையே 92 என்கிறோம். லீற்றருக்கு லீற்றர் அதிலும் 95இலும் அடங்கியுள்ள சக்தி ஏறத்தாழ ஒன்றே. ஆகவே, 92ஐக் கொண்டு குறைவின்றி ஓடும்படி அமைக்கப்பட்ட இயந்திரத்தில் 95ஐ ஊற்றுவதால் வேகமோ சிக்கனமோ கூடுவதில்லை. அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கம் 2016இல் வெளியிட்ட ஆய்வும் இதனையே நிரூபித்து, அந்நாட்டுச் சாரதிகள் அவசியமின்றி உயர்ரகப் பெற்றோல் நிரப்பி ஓராண்டில் 210 கோடி டொலருக்கு மேல் விரயமாக்கியதாகக் கணக்கிட்டது.

மறுபுறம், 95 வேண்டுமென்று அமைக்கப்பட்ட இயந்திரத்துக்கு 92 கொடுத்தால், இக்காலக் கார்களில் உள்ள உணர்கருவி 'நொக்' அடிப்பதை, அதாவது எரிபொருள் தானாக வெடிப்பதை, அறிந்து தீப்பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளி இயந்திரத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். அப்படிக் காப்பாற்றும்போதே இழுவையும் குறைகிறது. எண்ணெய்ச் செலவும் கூடுகிறது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கிய ஒரு குடும்பம், அத்தகைய காரில் பெட்டிபடுக்கைகளை ஏற்றி, குளிரூட்டியையும் போட்டுக்கொண்டு, சித்திரை வெயிலில் ஏ9 வீதியால் வடக்கு நோக்கி விரைந்து வருகையில் அக்கருவியின் சாமர்த்தியத்துக்கும் ஓர் எல்லை உண்டு. லீற்றருக்கு மிச்சம் பிடித்த சில ரூபாக்கள் அங்கே பயனற்றுப் போகின்றன.

இந்தத் தத்துவத்தை எங்கள் குடாநாட்டு மெக்கானிக்குகள் புத்தகத்திற் படித்தவர்களல்லர். 1990இல் யுத்தம் மறுபடி மூண்டு, எங்கள் ஊரும் இடம்பெயர்ந்து, பெற்றோலுக்குத் தடையும் விழுந்தபின், அளவாக வந்த மண்ணெண்ணெயையே ஜாம் போத்தல் விளக்குக்கும் இறைப்பு இயந்திரத்துக்கும் காருக்கும் பகிர்ந்துகொள்ள நேர்ந்த காலத்தில், ஒஸ்ரின் ஏ40, மொரிஸ் மைனர் முதலிய பழைய ஆங்கிலேயக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கார்புரேற்றருக்குள் ஒரு கரண்டி பெற்றோலை வார்த்து இயந்திரத்தை எழுப்பி, அது நன்றாகச் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்துவிடுவார்கள். புகை கக்கிக்கொண்டு புறப்படும் அந்தக் கார்களே நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. அதே காலத்தில், வசதி படைத்தோரின் புதிய ஜப்பானியக் கார்கள் கல்லேற்றப்பட்டுக் கொட்டில்களில் முடங்கிக் கிடந்தன.

இதற்குரிய காரணம் மிக எளிமையானது. அந்தப் பழைய இயந்திரங்களின் அமுக்க விகிதம் ஏழுக்கு ஒன்று என்ற அளவை ஒட்டியது. அவ்வளவு மெல்லிய அமுக்கத்தில் மண்ணெண்ணெய் போன்ற மிகத் தாழ்ந்த ஒக்டேன் எண்ணுடைய எரிபொருளும் ஒருவாறு சமாளித்தது. பத்துக்கு ஒன்று என்ற அளவையும் தாண்டி அமுக்குகிற இக்காலத்துச் சொகுசுக் காரிடம் அந்த யுக்தி பலிக்காது. அந்நாளிலும் அது பழுதில்லாமற் பலித்ததென்று நான் சொல்ல மாட்டேன். என்ஜின் ஒயில் பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தால், எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கிக் கலந்து, ஒயில் தண்ணீர்போல் இளகி, விரலில் ஒட்டாமல் வழியும். மூக்கருகே கொண்டுபோனால் அடுப்படி வாசனை அடிக்கும். அப்படித் தேய்ந்த பெயரிங்குகளை மாற்ற உதிரிப்பாகமும் இல்லாமல், இருந்ததை அரத்தால் அராவியும் தகரத் துண்டு வைத்தும் ஓட்டிக் காட்டிய அந்தக் கைகளுக்கு இந்நாடு உரிய மரியாதை செய்யவில்லை என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். இயந்திரத்தின் அமைப்பறிந்து எரிபொருளைத் தெரிய வேண்டும் என்ற விதியை, பணமும் பெற்றோலும் அற்ற காலத்தில் அவர்கள் அநுசரித்தார்கள். இரண்டும் தாராளமாய் உள்ள காலத்தில் நாம் காரின் விலையைப் பார்த்து எரிபொருளைத் தெரிகிறோம்.

உயர்ந்த காருக்கு உயர்ந்த பெற்றோல் என்ற எண்ணத்தின் மூலத்தை ஆராய்ந்தால் ஒரு விசித்திரம் புலப்படும். ஐரோப்பாவில் சாதாரணமாக விற்கப்படும் பெற்றோலே 95 ஒக்டேன் உடையது. அங்கே சிறிய காரும் அதையே குடிக்கிறது. ஆகவே ஜெர்மன் கார் 95 கேட்பது அதன் அந்தஸ்தினால் அன்று. தான் பிறந்த தேசத்தின் சாதாரண எரிபொருளை அது கேட்கிறது, அவ்வளவே. ஜப்பானிலோ சாதாரணப் பெற்றோலுக்கு விதிக்கப்பட்ட கீழெல்லை 89, உயர்ரகத்துக்கு 96. அங்கே சாதாரணப் பெற்றோலுக்கென அமைக்கப்பட்ட ஹைபிரிட் கார்களுக்கு நமது 92 தாராளமாகப் போதும். ஆனால் ஜப்பானின் உயர்ரகக் கார்களுள் சில உயர்ரகப் பெற்றோலையே கோருகின்றன. எது எதைக் கோருகிறது என்பதோ கைந்நூலிலும் பெற்றோல் மூடியின் உட்புறத்திலும் ஜப்பானிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கிறது. கீரிமலையில் அதைப் படிக்கத் தெரிந்தவர் யார்? கார் விற்பனை செய்பவர் சொன்னதும், பெற்றோல் செட்டில் நிற்கும் பையன் சொன்னதும், அயலவர் சொன்னதுமே வேதவாக்காகிவிடுகின்றன.

கௌரவ அமைச்சர் அவர்களே, இந்த அறியாமைக்கு விலை உண்டு. 2022 ஜூன் 26ஆந் திகதி 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாகவும் 95 ஒக்டேன் 550 ரூபாவாகவும் ஏறியபோது, நாற்பது லீற்றர்த் தாங்கியொன்றை நிரப்புபவருக்கு அவ்விரண்டுக்குமிடையிலான வித்தியாசம் 3,200 ரூபா. வாடகைக்கு ஓடிப் பிழைக்கும் ஒருவர், தேவையில்லாத 95ஐ நம்பிக்கையோடு நிரப்பி அவ்வளவையும் இழந்தால், அது அவர் வீட்டு அரிசிச் செலவிலிருந்து போகும் பணம். அன்றைய எரிபொருள் தட்டுப்பாட்டில் வரிசையில் இரவு பகலாய் நின்று, பின்னர் கியூஆர் குறியீட்டைக் காட்டிக் காருக்கு வாரம் 20 லீற்றரும் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றரும் பெற்ற ஜனங்களுக்கு ஒவ்வொரு லீற்றரின் பெறுமதியும் தெரியும். அந்நியச் செலாவணியின்றி நாடு திணறியதையும் அவர்கள் மறக்கவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டு, புதிய கார்கள் வந்திறங்குகிற இவ்வேளையே இவ்விஷயத்தை ஒழுங்குபடுத்தத் தக்க சந்தர்ப்பம்.

நான் வேண்டுவது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் வாகனமொன்றைப் பதிவு செய்யும்போது, இயந்திரத்தின் கொள்ளளவையும் எரிபொருளின் வகையையும் குறிப்பதோடு, உற்பத்தியாளர் விதித்த குறைந்தபட்ச ஒக்டேன் எண்ணையும் பதிவுச் சான்றிதழிற் குறிக்குமானால், ஜப்பானிய எழுத்தைப் படிக்கவேண்டிய அவசியமே எவருக்கும் இராது. எரிபொருள் நிரப்பு நிலையம் ஒவ்வொன்றிலும், தமிழிலும் சிங்களத்திலும், எந்த எண் எவ்வகை இயந்திரத்துக்கு உரியது என்பதை நாலு வரியில் எழுதிய பலகையொன்று மாட்டப்பட வேண்டும். 95 எல்லா நிலையங்களிலும் கிடைப்பதில்லையாதலால், அது அவசியமான காரை ஓட்டி வருபவர் அருகே எங்கே பெறலாம் என்பதும் அப்பலகையில் இருப்பது நலம். டீசலைப் பொறுத்தவரை நிலைமை வேறு. சூப்பர் டீசலிற் கந்தகம் குறைவாதலால், புகை வடிகட்டி பொருத்திய புதிய வாகனங்களுக்கு அது மெய்யாகவே வேண்டியது. இதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

இயந்திரத்துக்கேற்ற எரிபொருள் என்ற விதியை அரசாங்கம் முதலில் தன் வாகனங்களில் கைக்கொள்ளட்டும். 2025இல் ஜனாதிபதி செயலகத்துச் சொகுசு வாகனங்கள் ஏலத்தில் விடப்பட்டதை நாங்கள் வரவேற்றோம். எஞ்சியுள்ள அரச வாகனங்களுக்கு, அவற்றில் ஏறிச் செல்பவரின் பதவியைக் கருதாமல், இயந்திரம் கோருவதைப் பார்த்தே எரிபொருள் வழங்கப்படுகிறதென்று தாங்கள் ஒரு சுற்றுநிருபம் விடுத்தால், அதன் செய்தி எங்கள் ஊர்ச் சாரதி வரைக்கும் வந்து சேரும்.

இறுதியாக ஒன்று. இவ்வளவும் பலிப்பது, பம்பில் எழுதியிருக்கும் எண் மெய்யாயிருந்தால் மாத்திரமே. பெற்றோலிலும் டீசலிலும் மண்ணெண்ணெயைக் கலக்கும் கள்ளத்தனத்துக்கு விலை வித்தியாசமே தூண்டுகோல். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக ஏற்றப்பட்டபோது, அந்த வித்தியாசம் சுருங்கியது மெய்யே. ஆனால் அதன் பாரத்தைச் சுமந்தவர்கள் எங்கள் கரையோரத்து மீனவரும் மண்ணெண்ணெய் இறைப்பு இயந்திரம் வைத்திருக்கும் தோட்டக்காரருமாவர். கலப்படத்தைத் தடுக்க ஏழைகளின் எரிபொருளை விலையேற்றுவதைவிட, நிலையங்களில் முன்னறிவித்தலின்றி மாதிரி எடுத்துச் சோதித்து, பெற்றோலியக் கூட்டுத்தாபனமாயினும் லங்கா ஐஓசியாயினும் சினோபெக்காயினும் பேதமின்றி, நிலையத்தின் பெயரோடு முடிவை மாதந்தோறும் பத்திரிகைகளில் வெளியிடுவதே நியாயமான வழி. வடமாகாணத்து நிலையங்களின் முடிவுகள் தமிழில் வெளிவர வேண்டும்; முதலாவது பட்டியல் எந்த மாதத்தில் வெளிவரும் என்பதைத் தாங்கள் அறிவித்தருளுமாறு வேண்டிக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
கீரிமலை வாசி ஒருவன்