வீடு பெரிதா, சங்க விதி பெரிதா?

சொந்த வீட்டைத் தான் விரும்பியவருக்கு விற்கலாம் என்பதுதான் நாம் அறிந்த உலக வழக்கு. ஆனால், "எங்கள் சமூகத்தாருக்குத்தான் விற்க வேண்டும்" என்று வீட்டு வசதிச் சங்கம் குறுக்கே நின்றால் என்ன செய்வது? இந்தக் கேள்வி சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. 2005-ம் ஆண்டில் தீர்ப்பும் வந்தது. ஆயினும் சர்ச்சை ஓயவில்லை.

ஆமதாபாத் வழக்கு

ஆமதாபாத்தில் பார்சிகள் தங்களுக்கென ஒரு கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கம் அமைத்தனர். 1925-ம் ஆண்டின் பம்பாய்ச் சட்டப்படி பதிவான சங்கம் அது. பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்பது அதன் துணை விதி. தந்தைக்குப் பின் உறுப்பினரான ஒருவர், பழைய பங்களாவை இடித்துவிட்டு அடுக்கு வீடுகள் கட்டி விற்க விரும்பினார். பார்சிகளுக்கே விற்க வேண்டும் என்றது சங்கம். வாங்குவோர் தொகை சுருங்கினால் விலையும் சுருங்கும் அல்லவா? அவர் எதிர்த்தார். குஜராத் ஐகோர்ட்டு அவர் பக்கம் நின்றது. சங்கம் அப்பீல் செய்தது.

2005 ஏப்ரல் 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் ஸ்ரீகிருஷ்ணா, பாலசுப்பிரமணியன் இருவரும் சங்கத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தனர். சங்கம் அமைக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு அளிக்கிறது. துணை விதி உறுப்பினர்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம். அதை ஏற்றுச் சேர்ந்தவர் பிறகு மீற முடியாது. மாற்றம் தேவையென்றால் சட்டசபைதான் செய்ய வேண்டும். இதுவே தீர்ப்பின் சாரம்.

அமெரிக்கா கண்ட வழி

இதே சிக்கலை அமெரிக்கா முன்பே சந்தித்தது. மிஸோரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில், ஒரு தெருவின் வீட்டுக்காரர்கள் 1911-ல் ஓர் உடன்படிக்கை செய்தனர். கறுப்பர்களும் ஆசிய இனத்தாரும் அங்கே 50 ஆண்டுகளுக்குக் குடியிருக்கக் கூடாது என்பது அதன் ஷரத்து. 1945-ல் ஒரு கறுப்பர் குடும்பம் அங்கே வீடு வாங்கியது. அண்டை வீட்டார் கோர்ட்டுக்குப் போயினர். உடன்படிக்கை தனியார் விவகாரமாக இருக்கலாம். ஆனால் அதை அமல் நடத்தக் கோர்ட்டு கை கொடுத்தால், அது சர்க்காரே செய்யும் பாகுபாடாகிவிடும் என்று அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு 1948-ல் கூறியது. 1968-ல் வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இன, மத பேதம் காட்டுவதையே சட்டம் தடை செய்தது.

இரண்டு பக்க நியாயம்

பார்சிகளின் கவலையை அலட்சியம் செய்வதற்கில்லை. 2011-ம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் அவர்கள் தொகை 57,264 தான். சிதறிப் போனால் சமூகமே கரைந்துவிடும் என்று அஞ்சுகிறார்கள். ஒன்றாக வாழ அவர்கள் போட்டுக்கொண்ட வேலி அது.

ஆனால் ஒப்பந்தம் என்ற அதே வாதத்தைப் பெரும்பான்மையோரும் எடுத்தாளலாமே! ஒரு நகரத்தில் பல சங்கங்கள் இப்படியே விதி எழுதினால், சிறுபான்மையோர் கையில் பணம் வைத்துக்கொண்டு வீடு தேடி அலைய வேண்டியதுதான். சிறியவனுக்கு வேலியாக இருப்பது பெரியவன் கையில் பூட்டாகிவிடும். தனியார் வீட்டு விற்பனையில் மத பேதத்தைத் தடுக்கும் தனிச் சட்டம் எதுவும் மத்திய சர்க்காரிடம் இல்லை.

செய்ய வேண்டியது

தண்ணீர், பராமரிப்புக் கட்டணம், வாகனம் நிறுத்துமிடம், இரவு நேரச் சத்தம் ஆகியவை பற்றிச் சங்கம் விதி செய்யட்டும். அங்கே சர்க்கார் தலையிட வேண்டியதில்லை. யார் குடியேறலாம் என்பது வேறு விஷயம். அது சங்கத்துக்கு வெளியே இருப்பவனின் வாழ்வைத் தொடுகிறது. அவன் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவனல்ல. ஆகவே அதற்கு எல்லை வகுப்பது சட்டசபைகளின் கடமை. நலிந்து வரும் சிறு சமூகங்களுக்கு விதிவிலக்கு வேண்டுமானால், அதையும் சட்டத்திலேயே வெளிப்படையாக எழுதலாம்.

பொறுப்பு சட்டசபைக்கு உரியது என்று கோர்ட்டு சொல்லி 20 ஆண்டுகளுக்கு மேலாகிறது. இனியும் தாமதிப்பது முறையல்ல.