ஆபத்துப்படி யாருக்கு?

சியாச்சின் பனிமலையில் காவல் நிற்கும் ஜவானுக்கு மாதந்தோறும் 14,000 ரூபாயாக இருந்த விசேஷப் படியை 30,000 ஆகவும், அதிகாரிக்கு 21,000 ஆக இருந்ததை 42,500 ஆகவும், ஏழாவது ஊதியக் குழு சிபாரிசு செய்ததற்கும் மேலாகவே 2017இல் மத்திய அரசு உயர்த்தியபோது, பிராணவாயு குறைந்த அந்த உயரத்தில் உயிர் தரித்திருப்பதே ஒரு சாகசமாகையால், அதை மிகையென்று சொல்ல எவருக்கும் நா எழவில்லை. (பனிச்சரிவு பதவி பார்த்து விழுவதாக மட்டும் நான் கேள்விப்பட்டதில்லை.)

ஆனால் நம் ஊர்ப் பாதாளச் சாக்கடைக்குள் இறங்குகிறவருக்கு என்ன படி? தொழில் எவ்வளவுக்கெவ்வளவு கடினமும் அசுத்தமும் உடையதோ அவ்வளவுக்கவ்வளவு கூலியும் உயரும் என்று 1776இல் ஆடம் ஸ்மித் எழுதியது, வேண்டாமென்று மறுக்கும் சுதந்திரம் தொழிலாளிக்கு உண்டென்ற அநுமானத்தின் பேரில்தான். பிறப்பைக் கொண்டே தொழிலை விதித்து, மறுத்தால் பட்டினி என்ற நிர்ப்பந்தத்தையும் அதனோடு பிணைத்துவைத்த தேசத்தில் அந்தச் சித்தாந்தம் தலைகீழாகிப் போயிற்று. சாக்கடையில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு அளவு மிகும்போது முகரும் சக்தியையே மரத்துப்போகச் செய்வதால், நாற்றம் அடங்கிவிட்டதென்று நம்பி இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்கப் போகிற இரண்டாமவரும் விழுகிறார். பாதுகாப்புச் சாதனங்களின்றி மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தும் சாவுகள் ஓயாமையால், உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சம் ரூபாய் என்று விதித்த நஷ்டஈட்டை 2023இல் 30 லட்சமாக்கியது. நியாயமான தீர்ப்புத்தான், எனினும், பேரம் பேச வல்லவருக்கு ஆபத்தின் விலை முன்கூட்டியே மாதச் சம்பளத்தோடு வருகிறது, வலுவற்றவருக்கோ பிரேதம் வெளியே வந்த பிறகு அவர் மனைவியின் கைக்கு வருகிறது.

அப்படியானால் சாக்கடைக்கும் ஒரு படி நிர்ணயித்துவிடலாமே என்று சில நண்பர்கள் நல்லெண்ணத்துடனேயே சொல்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. தீயை ஒருவர் நெருங்கித்தான் அணைக்க வேண்டும், புயலில் அறுந்த மின்கம்பியை ஒருவர் கம்பத்தில் ஏறித்தான் கட்ட வேண்டும் என்பன போன்று, எத்தனை ஜாக்கிரதை எடுத்தாலும் ஆபத்து மிச்சமிருக்கும் வேலைகளுக்கே படி உரியது; அதையும் நிரந்தர ஊழியர், ஒப்பந்தக்காரரின் ஆள் என்ற பேதமின்றி, பதவியை அல்லாமல் ஆபத்தையே அளவாகக் கொண்டு வழங்க வேண்டும். இயந்திரத்தால் நீக்கிவிடக்கூடிய ஆபத்துக்குப் படி கொடுப்போமானால், நாளடைவில் அந்தப் படியே இயந்திரம் வாங்காதிருப்பதற்குச் சமாதானமாகிவிடும். அடைப்பு நீக்கும் இயந்திரமும், அதை இயக்க அதே தொழிலாளிக்குப் பயிற்சியும், நிரந்தர உத்தியோகமும்தான் அங்கே வேண்டுவன. அவை வந்து சேரும்வரை நம் தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டே கிடக்கட்டும்.