எம்பிஏவா, துறைசார் முதுகலையா? கட்டணம் கட்டும் முன்...

புக்கிட் மெர்தாஜாமில் இருந்து பத்து காவானுக்கோ பாயான் லெப்பாஸுக்கோ வேலைக்குப் போகிறீர்களா? அடுத்து முதுகலை படிக்கலாம்னு யோசனையா?

எம்பிஏ, நிதி, சந்தைப்படுத்தல், மனிதவளம் என எல்லாவற்றையும் தொடும். பொறியியலாளர் ஒருவர் ஒரு பிரிவையே நடத்தும் பொறுப்புக்குப் போக இது உதவும். பாலம் தாண்டினால் கெலுகோரில் யுஎஸ்எம் இதை நடத்துகிறது.

நிதி, தரவுப் பகுப்பாய்வு போன்ற துறைசார் முதுகலை, ஒரே வேலையில் ஆழமாக இறங்க நினைப்பவருக்கு.

மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் இரண்டுமே 7ஆம் நிலை. எது பெரிசுன்னு கேட்க வேண்டியதில்லை. அடுத்து நீங்கள் விரும்பும் வேலையின் விளம்பரங்கள் எதைக் கேட்கின்றன என்று பாருங்கள்.

இபிஎஃப் செஜாத்ரா கணக்கிலிருந்து கல்விக் கட்டணத்துக்குப் பணம் எடுக்கலாம். ஆனால் அது உங்கள் ஓய்வுக்காலச் சேமிப்பு. எம்கியூஏ பதிவேட்டில் அந்தப் படிப்பு இருக்கான்னு பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.