மூக்கைப் பொத்தாமல் ஒரு பாஸ்தா

போன வாரம் நண்பர் ஒருவர் மகள் பிறந்தநாளுக்கு ஓட்டலில் விருந்து வைத்தார். ஸீஃபுட் பாஸ்தா வந்தது. வெள்ளை சாஸில் முங்கிப்போன ஆறு இறால். ஆளாளுக்கு ஆஹா என்றார்கள். "ஞாயித்துக்கிழமை காலையில காசிமேடு வாங்க. இறால் வாங்கி வீட்டிலேயே பண்ணிடலாம்" என்றேன். "ஐயையோ, ராயபுரமா? நாறுமே சார்!" என்றார்.

இந்த மூக்கைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

அதற்கு முன் சமையல். இது கம்பசூத்திரம் இல்லை. நேப்பிள்ஸ் கரையோரத்தில் வீட்டுக்கு வீடு மட்டி போட்டு ஸ்பாகெட்டி செய்கிறார்கள். நமக்கு இறால். இரண்டு பேருக்கு 200 கிராம் பாஸ்தா, 300 கிராம் இறால். தலையையும் ஓட்டையும் எறியாதீர்கள். கொஞ்சம் எண்ணெயில் வதக்கித் தண்ணீர் விட்டுக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். ருசியே அதில்தான். உப்புத் தண்ணீரில் பாஸ்தாவைக் குழையவிடாமல் வேகவையுங்கள். நாலு பல் பூண்டு, இரண்டு காய்ந்த மிளகாய் தாளித்து இறாலைப் போடுங்கள். பிறை மாதிரி வளைந்தால் பதம். வட்டமாகச் சுருண்டால் ரப்பர். வடித்த சாறு, பாஸ்தா வெந்த தண்ணீர் ஒரு கரண்டி, பாஸ்தா. புரட்டி இறக்குங்கள். சீஸ் வேண்டாம். மீன் பாஸ்தாவுக்கு இத்தாலிக்காரர்களே பொதுவாகப் போடுவதில்லை.

இப்போது மூக்கு.

2021 டிசம்பரில் குளச்சலில், நாறுகிறது என்று சொல்லி மீன் விற்கும் ஒரு வயதான அம்மாவைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஊரே கொதித்தது, ஊழியர்களை சஸ்பெண்ட் செய்தார்கள். ஆனால் இறக்கிவிட்டது அந்த ஊழியர்கள் மட்டும்தானா? "ராயபுரமா, நாறுமே" என்று தினமும் சொல்லும் நாமும்தான்.

நல்ல மீன் நாறாது சார். கடல் வாசனை வரும், அவ்வளவுதான். வடசென்னையில் நாறுவது வேறு. கொசஸ்தலை ஆற்றில் படிந்த அனல்மின் நிலையச் சாம்பல். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெய்; அதை வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையோடு மணலிப் பக்கமிருந்து எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்த எண்ணெய். வலை போச்சு, படகு கறுத்துப்போச்சு. போதாததற்குக் காக்கா ஆழி என்று ஒரு வெளிநாட்டு மட்டி வந்து, இறால் மேயும் சேற்றை மூடிக்கொண்டிருக்கிறது.

நம் வீட்டு பல்புக்கு கரண்ட், காருக்குப் பெட்ரோல் எல்லாம் அந்தப் பக்கத்து ஆலைகளிலிருந்தும் வருகிறது. வெளிச்சம் நமக்கு, சாம்பல் அவர்களுக்கு. அப்புறம் அவர்களைப் பார்த்தே மூக்கைப் பொத்துகிறோம்!

ஆற்றில் இறால் இல்லாவிட்டால் நமக்கென்ன என்கிறீர்களா? ஆமாம், பண்ணை வனாமி இறால் கிடைக்கும். பசிபிக் கரை இனம், 2009ல் இங்கே அனுமதித்தது. ஓட்டல் பாஸ்தா நிற்காது. எண்ணூர் ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர் வீட்டு அடுப்புதான் நிற்கும்.

அதனால் ஒரு ஞாயிறு காசிமேடு போங்கள். விற்கிற அம்மாவிடம் ரொம்பப் பேரம் பேசாதீர்கள். எண்ணூர் ஆறு எப்படியிருக்கு என்று கேளுங்கள். பதிலைக் கேட்டுவிட்டு, ஓட்டு கேட்டு வருகிறவரிடம் அதே கேள்வியைக் கேளுங்கள்.

பாஸ்தா இருபது நிமிஷத்தில் ஆகிவிடும். இதற்குத்தான் கொஞ்சம் நாளாகும். இப்பவே ஆரம்பிச்சுடலாமே.