மிதக்கும் கை

கதவுப் பிடியில் ஒரு கை. இரும்புக் கை. மணிக்கட்டுக்கு மேலே ஆளே இல்லை. அந்தக் கட்டத்தைப் பார்த்த இரவு, விளக்கை அணைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் அழுதேன். அட்டை கிழிந்த அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து தந்தவர், துறைமுகத்தில் வேலை பார்த்த மாமா. "இரவில வாசிக்காத மருமகன், பயந்துபோவாய்" என்று சொல்லித்தான் தந்தார். இரவில்தான் வாசித்தேன்.

முத்து காமிக்ஸின் 'இரும்புக்கை மாயாவி' அது. 1972இல் சிவகாசியிலிருந்து வந்த முதல் இதழ். மூலக்கதை 1962இல் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' வார இதழில் தொடங்கியது. எழுதியவர் கென் புல்மர், வரைந்தவர் ஸ்பானியரான ஹெசூஸ் பிளாஸ்கோ. ஆய்வுகூட உதவியாளன் கிராண்டெல் ஒரு விபத்தில் கையை இழக்கிறான். இரும்புக் கை பொருத்துகிறார்கள். இன்னொரு விபத்தில் உடம்பில் மின்சாரம் பாய, ஆள் மறைந்துபோகிறான். கை மட்டும் மறைவதில்லை. பின்னாளில் அவன் நல்லவனாகி உளவு வேலை பார்த்தான். எனக்குப் பிடித்தது தொடக்கத்து கிராண்டெல்தான். கிடைத்த சக்தி தலைக்கேறி, கெட்டவனாய் அலைந்த அந்த ஆள். 'மாயாவி' என்று பெயர் வைத்ததுமே மின்சாரக் கதைக்குள் மாந்திரீகமும் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த மொழிபெயர்ப்பாளரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

பிறகு லயன் காமிக்ஸில் இத்தாலியக் கதைகள் வந்தன. தொலைந்த நாகரிகங்களைத் தேடும் மர்ம மனிதன் மார்ட்டின், லண்டனில் பேய் வழக்குகளைத் துப்பறியும் டைலன் டாக். இரண்டையும் விரும்பி வாசித்தேன். ஆனால் லண்டன் பனிமூட்டத்தில் ஆவி உலாவும்போதெல்லாம் எனக்கு எங்கள் திருகோணமலையின் சுவாமி மலைதான் நினைவுக்கு வரும்.

வெளியே தெரிவது ஒரு கை, மிச்ச உடம்பு கண்ணுக்குத் தெரியாது. திருகோணமலையும் எனக்கு அப்படித்தான். 1622இல் போர்த்துக்கேயர் சுவாமி மலையிலிருந்த கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். மீதி கடலுக்குள் போனது. 1956இல் அந்தக் கடலில் மூழ்கி, செதுக்கிய தூண்களைக் கண்டவர்கள் யார் தெரியுமா? விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும். செயற்கைக்கோள்களைக் கொண்டு உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம் என்று 1945லேயே எழுதிய கிளார்க், அந்த மலையின் பிளவான இராவணன் வெட்டுக்குக் கீழே கோயில் தூணைத் தடவிப் பார்த்திருக்கிறார். வில்சன் 1962இல் 'ரன்முது தூவ' என்ற சிங்கள வண்ணப்படத்தை எடுத்தார். பிற்காலத்தில் துறவறம் பூண்டு சுவாமி சிவ கல்கி ஆனார். இப்படியொரு பாத்திரத்தை எந்தக் கதாசிரியன் கற்பனை செய்வான்?

கோட்டை வாசலுக்கு வாருங்கள். அங்கே ஒரு கல்லில் இரட்டைக் கயல், பக்கத்தில் சிதைந்த தமிழ் எழுத்துகள். குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த கோயில் திருப்பணியைப் பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், உடைப்பான், அதற்குப் பிறகு பூனைக்கண்ணன், செங்கண்ணன், புகைக்கண்ணன் என்று ஒவ்வொருவராய் ஆள வருவார்கள் என அந்தக் கல் முன்கூட்டியே சொன்னதாக எங்கள் பெரியவர்கள் வாசித்தார்கள். எதிர்காலத்தைச் சொன்ன கல், கோயிலை உடைத்தவர்களின் வாசலிலேயே பதிந்து கிடக்கிறது. அதை முதலில் பார்த்த சிப்பாய்க்குத் தமிழ் தெரிந்திருந்தால்? கதை அங்கேயே தொடங்கிவிடும்.

இந்தக் கதையை இந்த ஊர்ப் பிள்ளைகள்தான் வரைய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். எங்கள் பயங்களெல்லாம் இதுவரை இங்கிலாந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் சிவகாசி மையில் வந்தன. அதற்கு நன்றி சொல்கிறேன். ஆனாலும் சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளும், 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் குண்டு போட்ட துறைமுகமும், கன்னியா வெந்நீர் ஊற்றின் ஆவியும் இன்னும் எந்தக் கட்டத்துக்குள்ளும் வரவில்லையே என்று எனக்கு மனம் கிடந்து தவிக்கிறது. முதல் பக்கம் என் மனசில் இருக்கிறது: தண்ணீருக்குள் ஒரு தூண், அதைப் பிடித்திருக்கும் ஒரு கை, மணிக்கட்டுக்கு மேலே இருட்டு. எனக்கு வரைய வராது.

வரையத் தெரிந்த பிள்ளைகள் ஒரு கொப்பியோடு கோட்டை வாசலுக்கு வரட்டும். அந்தக் கல்லை நான் காட்டுகிறேன். டோர்ச் லைட்டும் கொண்டுவாருங்கள். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தால்தான் எழுத்துகள் பிடிபடும்.